மயெர்னீக்கின் ஓவியங்களில் உருத்திரிபு

சுலோவாக்கிய ஓவியர் சிப்பிரியான் மயெர்னீக் 1909ஆம் ஆண்டில் வெல்கே கொசுத்தோலானி என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1945 சூலைத் திங்களில் பிராகா நகரில் மறைந்தார். வாழ்ந்தவை முப்பத்தைந்து ஆண்டுகளே. அவற்றுள்ளும் பிற்பகுதி, நரம்பு மண்டலத்தைத் தாக்கி உடலின் இயக்கத்தைச் சிறிது சிறிதாக ஒடுக்கும் கொடுநோயோடு கழிந்தது. இச்செய்தியை அறிந்த ஒருவர், உறுப்புத் திரிந்தும் முகம் கோணியும் நிற்கும் மாந்தரை அவர்தம் ஓவியங்களிற் காணும்போது, நோயுற்ற கை நோயுற்ற உருவையே வரைந்தது என முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிபு பொருந்தாது என்பதே ஈண்டு நிறுவப்படுவது.

முதலாவது, உருத்திரிபு நோய்க்கு முற்பட்டது. பிராகாக் கலைக்கழகத்திற் பயின்று, 1932இல் பாரிசு நகரையும் கண்ட அவ்விளைஞர், நோய் முற்றுவதற்கு முன்னரே தம் நாட்டுச் சிற்றூர் மாந்தரை நகைப்புக்கிடமான வடிவிற் படைக்கத் தொடங்கிவிட்டார். அங்கே திரிபு ஒருவகை விளையாட்டு. ஊரைவிட்டு நகர் புகுந்தவன் ஊரைத் திரும்பிப் பார்க்கும் பார்வை அது. அன்பும் உண்டு, எள்ளலும் உண்டு.

இவரைச் சர்ரியலிசம் என்னும் மீமெய்ம்மைக் கொள்கையினருள் வைத்தெண்ணுவோர் உளர். 1934இல் கவிஞர் நெசுவல் முதலானோர் பிராகாவில் நிறுவிய மீமெய்ம்மைக் குழுவில் இவர் உறுப்பினரல்லர். கனவும் அடிமனமும் அக்குழுவினர்க்கு ஊற்றுக்கண். இவர்க்கோ சிற்றூரும் வட்டரங்குக் கோமாளியும் குதிரையேறிகளுமே ஊற்று. நனவுலகப் பொருளைக் கனவின் ஒளியில் நிறுத்தும் முறையை மட்டும் அக்கொள்கையிலிருந்து இவர் கொண்டார் எனலாம். பெயரிடுதலில் இதற்குமேல் காலம் போக்குதல் வேண்டா.

1936க்குப் பின் அவர் ஓவியம் வேறாகிறது. அவ்வாண்டில் இசுபெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1938இல் மியூனிக் உடன்படிக்கை. 1939 மார்ச்சில் பிராகா செருமானியர் வயப்பட்டது. நண்பர் எந்திரே நெமெசு நாட்டைவிட்டு நீங்கி இறுதியிற் சுவீடனை அடைந்தார். மயெர்னீக் பிராகாவிலேயே தங்கினார். அக்காலத்து அவர் தூரிகையில் அகதிகளும் களைத்த குதிரைவீரரும் டான் குவிக்சோட்டும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். வண்ணம் மங்கி மண்ணிறமாகிறது. திரிபு மட்டும் நீங்கவில்லை. அதன் சுவை மாறிவிடுகிறது.

இம்மாற்றத்தை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குத் துணைசெய்யும். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகைக்கு நிலைக்களன். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன இளிவரலுக்கு நிலைக்களன். மெய்ப்பாடு தன்கண்ணும் பிறன்கண்ணும் தோன்றும் என உரையாசிரியர் பகுப்பர். மயெர்னீக்கின் முற்காலத் திரிபு பிறன்கண் தோன்றிய நகை. பிற்காலத் திரிபு தன்கண் தோன்றிய இளிவரல். ஆயின் அந்தத் 'தான்' நோயாளியான ஒருவர் மட்டுமல்லர். அகதி நோயாளியல்லன், அவனை வளைத்து வைத்தது அரசியல். பிணியும் வருத்தமும் ஒரே இலக்கணத்தின்கீழ் அடங்குதலின், தம் உடலில் அறிந்த ஒன்றைக் கொண்டு பிறர் துயரை ஓவியர் அளந்தார் என்பதே பொருந்தும்.

நடக்கவியலாதவர் ஆதலின் குதிரைகளை வரைந்தார் என்று சொல்லுவார் உண்டெனின், அது கேட்க இனிது, ஆராய்ச்சியன்று. புலவன் வறுமையைக் கொண்டே அவன் பாட்டை அளந்துவிடும் பழக்கத்தின் உடன்பிறப்பு அது. விரைவுக்கு ஏங்குவோன் பாயும் பரியையன்றோ எழுதுவான்? செர்வாண்டிசு 1605இலும் 1615இலும் வெளியிட்ட நெடுங்கதையின் தலைவனோ மெலிந்த குதிரைமேல் ஏறிய தோல்வியாளன். அவனை நாற்பதுகளின் பிராகாவில் வரைவதற்கு, அந்நகரத் தெருக்களில் அன்று வெற்றியோடு சென்றவர் யாவர் என்பதும் ஒரு காரணமாகும்.

எல்லா ஓவியங்களும் ஒரே தரத்தன அல்ல. கோமாளிகளுட் சிலர் இரக்கத்தை வலிந்து வேண்டி நிற்கின்றனர். திரிபு தளர்ந்து அழகு மிகுந்த இடத்தில் அவர் ஆற்றலும் தளர்கிறது. டான் குவிக்சோட்டு ஓவியங்களில் இக்குறை அரிது. அவ்வீரன் காண்பார்க்கு நகை விளைக்கும் கோலத்தினன். எனினும் நாம் நகைத்தற்கு வேண்டிய தொலைவை ஓவியர் நமக்கு விட்டுவைக்கவில்லை.