மூன்று நெறிகளில் ஒரு மதம்

பழநிக்கு மேற்கே, பாப்பம்பட்டிப் பக்கம் நிற்கிறது ஐவர்மலை. பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று நாள் குறிக்கிறது. கி.பி. 870. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், திருவயிரை எனப்பட்ட இம்மலையில் இருந்த பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து 505 காணம் பொன் வைத்தார் என்பது செய்தி. இரண்டாம் வரகுணன் 862இல் பட்டமேறினான் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டது இந்தக் கல்லை வைத்துத்தான்.

அந்தப் பொன் வைக்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 867இல், தொடங்குகிறது ஒரு கணினி விளையாட்டு.

க்ரூசேடர் கிங்ஸ் 3. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. ஐஸ்லாந்திலிருந்து இந்தியாவையும் தாண்டி விரியும் வரைபடத்தில் ஏதேனும் ஓர் அரசனையோ சிற்றரசனையோ தேர்ந்துகொண்டு, அவன் செத்தால் அவன் வாரிசாக, அந்த வாரிசு செத்தால் பேரனாக, தலைமுறை தலைமுறையாக ஆடுவது. 867 வேண்டாம் என்றால் 1066இலும் தொடங்கலாம். படை, பெண் கொடுத்தல், பெண் எடுத்தல், பங்காளிச் சண்டை, விஷம் வைத்தல் எல்லாம் உண்டு. ஆனால் இதை நெடுநாள் ஆடியவர்களிடம் கேட்டால், பலரும் போர்க்களத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். தாங்கள் உண்டாக்கிய மதத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆம், மதத்தை உண்டாக்கலாம். இதற்கு முந்தைய க்ரூசேடர் கிங்ஸ் 2இல், 2018இல் வந்த 'ஹோலி ஃப்யூரி' என்ற இணைப்பு, பழங்குடிச் சமயங்களை விருப்பப்படி சீர்திருத்தி அமைக்கும் வசதியைத் தந்தது. மூன்றாம் ஆட்டம் அந்தக் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டது. சைவன், வைணவன், திகம்பரன், கத்தோலிக்கன், யாராக இருந்தாலும் போதிய புண்ணியம் சேர்த்துவிட்டால், இருக்கும் மதத்தை விட்டு விலகித் தன் பெயரில் ஒன்றைத் தொடங்கலாம். 'பயட்டி' என்று ஆட்டம் சொல்வதைத் தமிழில் புண்ணியம் என்றால் அப்படியே பொருந்தும். யாத்திரை போனால் கூடும், பாவம் செய்தால் குறையும், சேர்த்து வைத்துச் செலவழிக்கலாம். நம் பாட்டிமார் மனத்துக்குள் வைத்திருந்த அதே கணக்கேடுதான்.

மதம் அமைக்கும் திரையைத் திறந்ததும் கண்ணில் படுவது அதன் கஞ்சத்தனம். ஒரு மதத்துக்கு மூன்றே நெறிகள். தவம், பக்தி, மறுபிறவி, முன்னோர் வழிபாடு, சோதிடம், துறவியர் மடம், அகிம்சை, போர்வெறி, நரபலி என்று நீண்ட பட்டியல் விரியும். அதிலிருந்து மூன்றை மட்டும் எடுக்கலாம். அகிம்சையையும் போர்வெறியையும் சேர்த்து எடுக்க விடாது. ஒவ்வொன்றுக்கும் புண்ணியத்தில் ஒரு விலை. அவற்றுக்குக் கீழே விதிகளின் அடுக்கு: ஆணுக்கு மேலிடமா, பெண்ணுக்கா, இருவரும் சமமா, ஒரு மனைவியா, பல மனைவியரா, மணவிலக்கு உண்டா, குருமார் மணம் செய்யலாமா, கோயில் சொத்து யார் கையில், மதத்துக்குத் தலைவர் உண்டா, உண்டென்றால் அவர் தனிக் குருவா, அரசனேயா.

இந்த 'மூன்று' என்ற எண்ணில்தான் இந்த வடிவமைப்பின் மேதைமை இருக்கிறது. பத்து நெறிகள் அனுமதித்திருந்தால் எல்லா மதமும் ஒன்றுபோலவே ஆகியிருக்கும். எல்லாவற்றிலும் எல்லாம் இருந்திருக்கும். மூன்றே என்னும்போது எதை விடுவது என்ற வேதனை வருகிறது. விருத்தம் எழுதுபவனுக்குச் சீர் போல, சிற்பிக்குக் கல்லின் அளவு போல, இங்கே அந்த மூன்று. ஆட்டத்தில் கத்தோலிக்கத்துக்குக் கொடுத்திருக்கும் மூன்றைப் பாருங்கள்: நற்கருணை, ஆயுதம் தாங்கிய யாத்திரை, துறவியர் மடம். நடுவில் உள்ளதை மட்டும் உருவிவிட்டால் திருச்சபை இருக்கும், மடங்கள் இருக்கும், சிலுவைப் போர் இருக்காது. ஒரு செங்கல்லை எடுத்ததும் ஐரோப்பாவின் இரண்டு நூற்றாண்டுகள் வேறு திசையில் சாய்கின்றன. எந்த வரலாற்றுப் பாடநூலும் இந்த உறவை இவ்வளவு விரைவில் கைக்குள் கொண்டுவந்து தந்ததில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. பல நெறிகள் தமக்கான நற்குணங்களையும் பாவங்களையும் கூடவே கொண்டுவருகின்றன. நேற்றுவரை அரசவையில் வெறும் கோபக்காரனாகவோ கஞ்சனாகவோ இருந்தவன், மதம் மாறிய மறுநாள் புண்ணியவானாகவோ பாவியாகவோ ஆகிவிடலாம். அவன் மாறவில்லை, அவனை அளக்கும் படி மாறிவிட்டது. சமயமாற்றம் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பதை இவ்வளவு எளிய பொறியில் காட்டியது பெரிய காரியம். மறுபிறவி நெறியைத் தேர்ந்த குடும்பத்தில் பிறக்கும் குழந்தையைச் செத்துப்போன தாத்தாவாகவே அரசவை கொண்டாடும். தாத்தாவின் பெயரைத் தாங்குவதாலேயே பெயரன், பேரன் ஆன நாட்டில், இந்தக் காட்சியைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

புது மதம் தொடங்கியதும் கதை முடிவதில்லை. அரசவைக் குருவைச் சீமை சீமையாக அனுப்பி ஆண்டுக்கணக்கில் மக்களை மதம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மதத்துக்கும் 'மதவீறு' என்று ஓர் அளவு உண்டு. குருமாரின் ஒழுக்கக்கேடு வெளியே வந்தால் அது இறங்கும்; இறங்கினால் உள்ளுக்குள்ளேயே கிளைச்சமயங்கள் முளைக்கும். மதங்களுக்கு இடையிலான உறவுக்கு நான்கு படிகள்: நேர்வழியினர், வழி தவறியவர், பகைவர், தீயோர். யாரை எந்தப் படியில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பெண் கொடுப்பதும் புனிதப் போர் தொடுப்பதும். 'கலப்பு' என்று ஒரு நெறி இருக்கிறது. அதை எடுத்தால் குறிப்பிட்ட வேற்று மதக் குடும்பத்தோடு உள்ள பகை தணிந்து, 'வழி தவறியவர்' அளவில் நின்றுவிடும்.

இந்தப் பட்டறையில் நடப்பதற்கு மெய்யான முன்னோடி, பழநி அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்குத் தெற்கே, மதுரையில் இருந்தது. 1606இல் அங்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். புதிதாகச் சேர்ந்தவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கொள்கை அப்படியே, விதிகள் மட்டும் வேறு. சக பாதிரிமாரே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட இந்த வழக்கங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தார். தலைமைக் குரு உள்ள மதத்தில் எந்தத் திருத்தமும் அவர் மேசையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஆட்டத்தில் 'தலைவர் உண்டா' என்ற ஒற்றை விதியைத் தேர்பவர், உண்மையில் அந்த 121 ஆண்டு வழக்கைத்தான் தேர்கிறார்.

சரி, இந்தத் திரையில் திண்டுக்கல் சமவெளியின் சமயத்தை அமைக்க உட்காரும் ஒருவர் எந்த மூன்றை எடுப்பார்?

முதலில் தவம். பழநியாண்டவர் கோலமே ஆண்டிக் கோலம். தைப்பூசத்துக்குச் சாலையோரம் சாரிசாரியாகப் பாதயாத்திரை போவோர் காவியோ பச்சையோ கட்டி, செருப்பில்லாமல், சில வாரங்களுக்குத் துறவிகளாகிறார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி சம்சாரிகள். இரண்டாவது பக்தி. ஆட்டத்தில் அந்த நெறி, தனக்கென்று ஓர் இஷ்ட தெய்வத்தைத் தேர்ந்துகொள்ள விடுகிறது; அதுவும் சரிதான். மூன்றாவது இடம் ஒன்றே ஒன்று மிச்சம். அங்கேதான் சிக்கல்.

கலப்பு என்று எடுக்கத்தான் கை போகும். கோட்டைமலை அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன், நகருக்குள் ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடங்கிய பேகம்பூர்ப் பள்ளிவாசல், முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் ஆலயம். முத்தழகுபட்டித் திருவிழாவில் நேர்ந்துகொண்டவர்கள் ஆட்டையும் கோழியையும் அரிசியையும் காணிக்கையாகக் கொண்டுவந்து கொட்ட, விடிய விடியச் சமைத்து, வந்த ஆயிரக்கணக்கானோருக்கும் அசனம் போடுகிறார்கள். பந்தியில் எந்த மதம் என்று கேட்பாரில்லை. கிறிஸ்தவ மரபில் செபஸ்தியார் கொள்ளைநோய்க்குக் காவல், மாரியம்மன் அம்மைநோய்க்கு. வேலை ஒன்று, கோயில் இரண்டு. மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரியும்போது வண்டி வண்டியாக வரும் பூவிலும் எல்லா மதத்தவர் கைப்பூவும் உண்டு.

ஆனால் இது கலப்பு அல்ல. ஆட்டத்தின் 'கலப்பு' இரண்டு மதங்களுக்கு இடையே போடும் சமாதான ஒப்பந்தம். கொள்கை அளவில் நடப்பது. மாரியம்மனுக்குப் பூக்கூடை எடுக்கும் வேற்று மதத்தவர் எந்தக் கொள்கையையும் கலக்கவில்லை. செபஸ்தியாருக்குக் கோழி நேர்ந்த இந்துப் பெண் ஞானஸ்நானம் வாங்கப் போவதில்லை. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, நேர்ந்துகொண்டார், சரியாயிற்று, கோழியைக் கொண்டுவந்தார். அதாவது நேர்த்திக்கடன். மதம் மாறாமலேயே மதத்தின் வேலியைத் தாண்டிப் போய்வரும் ஒரு பரிமாற்றம் அது. க்ரூசேடர் கிங்ஸ் 3 இன் அழகான பட்டறையில் இதற்கென்று ஒரு கருவி கிடையாது.

குறை நெறிப்பட்டியலில் மட்டும் இல்லை, அடித்தளத்திலேயே இருக்கிறது. ஆட்டத்தில் ஒரு சீமைக்கு ஒரு மதம். ஓர் ஆளுக்கும் ஒரு மதம். மிஞ்சிப் போனால் வெளியே ஒன்று, உள்ளே இரகசியமாக ஒன்று. குரு தன் வேலையை முடித்த நாளன்று சீமை முழுவதும் ஒரே நொடியில் நிறம் மாறும். ஐரோப்பாவின் இடைக்காலத்தை வரைய இந்தத் தூரிகை ஓரளவு போதும். 867இன் பாண்டிநாட்டுக்குப் போதாது. பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் சமணத்தை விட்டுச் சைவனானது ஏழாம் நூற்றாண்டில். ஆட்ட விதிப்படி, அடுத்த இருநூறு ஆண்டுகளில் சுற்றியுள்ள சீமையெல்லாம் சைவ நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ஐவர்மலையில் ஒரு சமணத் துறவி, பாண்டியனின் ஆட்சியாண்டைச் சொல்லியே நாள் குறித்து, பார்சுவநாதருக்குப் பொன் வைக்கிறார். இன்று ஊரார் ஐவர் என்றால் பஞ்சபாண்டவர் என்கிறார்கள். ஒரே பாறைக்குப் பல நிறங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, எதுவும் மற்றதை அழிக்காமல்.

இதைச் சொல்வதால் அந்தக் கலையின் பெருமை குறையவில்லை. மதம் என்பதை 'எதை நம்புகிறாய்' என்று கேட்காமல் 'என்ன செய்கிறாய், யாரை மணக்கிறாய், யாருக்கு உணவிடுகிறாய்' என்று கேட்கும் துணிவு இந்த வடிவமைப்புக்கு இருப்பதால்தான், திண்டுக்கல்லைக் கொண்டுபோய் அதன்மேல் உரசிப்பார்க்கவே முடிகிறது. போர்க்காயாக மட்டும் மதத்தை நடத்தும் வேறெந்த ஆட்டத்திலும் இப்படி ஒரு குறையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே வராது.

மேலும், அந்தக் குறையை நிரப்ப ஆட்டமே வழி வைத்திருக்கிறது. அதன் நெறிகளும் விதிகளும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்து திருத்தலாம். உலகெங்கும் ரசிகர்கள் 'மாட்' என்ற பெயரில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். 'நேர்த்திக்கடன்' என்று ஒரு நெறியை எழுத உட்காரும் திண்டுக்கல்காரருக்கு முடிவு செய்யவேண்டியவை சில உண்டு. நேர்வதற்கு ஒரு காரணம் வேண்டும்: பிள்ளையின் நோய், மழை பொய்த்தது, மகன் போருக்குப் போனது. தெய்வம் தன் மதத்துடையதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை கூடாது. கேட்டது நடந்தால் கடன் ஏறும். குறித்த காலத்துக்குள் தீர்க்காவிட்டால் புண்ணியம் குறைந்துகொண்டே போகும், பிறகு தெய்வம் கனவில் வந்து கேட்கும். தீர்க்கும்போது பொன் செலவாகும். ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் விருந்து நிகழ்ச்சியை எடுத்து, விருந்தினர் பட்டியலில் எந்த மதத்தவரும் இடம்பெறும்படி மாற்றிவிடலாம். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கிடையே பகைமைப் படி ஒன்று இறங்கவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இறங்கட்டும், ஆனால் ஓராண்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டு மறுபடி உலை வைக்கவேண்டும்.