ஏழுக்கு ஏழு: லார்ட் ஆஃப் த பிட்

மேஜிக்: த கேதரிங் விளையாட்டில் இன்றைக்கு 20,000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு கார்டுகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்துவிடு என்று யாராவது சொன்னால், எனக்கு யோசிக்க நேரமே வேண்டாம். லார்ட் ஆஃப் த பிட்! 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே பிறந்த அரக்கன். கறுப்பு நிறம். ஏழு மானா. 7/7. பறப்பான். தடுக்க வந்தவனை மிதித்துத் தள்ளிவிட்டு எதிராளி மேலேயே பாய்வான். இவ்வளவையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் டர்ன் தொடங்கும்போதெல்லாம் உங்களிடமே காவு கேட்பான். உங்கள் பக்கத்திலிருந்து வேறொரு க்ரீச்சரைப் பலி கொடுக்க வேண்டும். கொடுக்க ஆளில்லையா? உங்களுக்கே 7 அடி.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு ஒரு கார்டுக் கட்டு (டெக்), 20 லைஃப். நிலக் கார்டுகளை இறக்கி, அவற்றிலிருந்து மானா என்ற சக்தியை எடுத்து, அந்தச் சக்தியால் க்ரீச்சர்களை அழைத்து, மந்திரங்களை ஏவி, எதிராளியின் 20-ஐ பூஜ்யமாக்க வேண்டும். உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். சேர்மானக் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வெளியிட்டது அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்திலிருந்த விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற சின்ன நிறுவனம். ஆல்ஃபா என்று அழைக்கப்படும் அந்த முதல் அச்சில் 295 கார்டுகள். ரேர் கார்டு ஒவ்வொன்றிலும் சுமார் 1,100 பிரதிகள்தான். நம்முடைய அரக்கனும் அந்த ரேர் வரிசையில்தான் இருந்தான்.

கணிதக்காரர் கைவண்ணம் என்பது இந்தக் கார்டின் எண்களைப் பார்த்தாலே தெரியும். அழைக்க ஏழு மானா. பலம் ஏழு. தாங்கும் சக்தி ஏழு. பட்டினி போட்டால் உங்களுக்கு விழும் அடியும் ஏழு. ஒரே எண்ணை இத்தனை இடத்தில் வைத்ததன் அழகு ஆடும்போதுதான் உறைக்கும். மூன்று முறை அடித்தால் 21. எதிராளியின் 20 காலி. மூன்று வேளை பட்டினி போட்டாலும் 21. உங்கள் 20 காலி. இரண்டு பேருக்கும் தூரம் ஒன்றுதான்! எதிராளிக்கு அவன் எவ்வளவு ஆபத்தோ, அழைத்தவருக்கும் துல்லியமாக அவ்வளவே ஆபத்து. அரக்கனோடு உடன்படிக்கை போட்டால் என்ன ஆகும் என்று கதை எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்தக் கார்டில் இரண்டு மூன்று வரி விதி, நாலு எண். முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம் எனக்கு உயிர். அழைத்த டர்னிலேயே பொதுவாக ஒரு க்ரீச்சர் அடிக்க முடியாது. அடுத்த டர்ன் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த அடுத்த டர்னில் தாக்குதல் கட்டத்துக்கு முன்னாலேயே அப்கீப் என்ற தொடக்கக் கட்டம் வந்துவிடும். அப்கீப்பில்தான் அவன் வாய் திறப்பான். அதாவது உங்களுக்காக ஒரு அடி அடிப்பதற்கு முன்னாலேயே முதல் காவை வாங்கிக்கொள்வான். கந்துவட்டிக்காரர் கடன் தரும்போதே முதல் மாத வட்டியைக் கழித்துக்கொள்வாரே, அதே கறார். அதுமட்டுமா, அப்கீப் முடிந்த பிறகுதான் புதுக் கார்டு எடுப்போம். எடுக்கப் போகும் கார்டு காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கெல்லாம் இங்கே இடமில்லை. இன்றைக்குத் தேவையான பலியை நேற்றே மேசையில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

சரி, கொடுக்கும் விலைக்கு ஈடாக ஆடுவானா? ஆஹா, எப்படி ஆடுவான்! அதே ஆல்ஃபாவில் எல்லோரும் கொண்டாடிய செர்ரா ஏஞ்சல் 4/4. அவள் எழுந்து வந்து தடுத்தால், அவளைக் கொன்றுவிட்டு மிச்சம் 3 அடி எதிராளி மேல் விழும். பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ் என்ற 0/1 குருவியை முன்னால் தள்ளிவிட்டால் 6 அடி உள்ளே போகும். ஷிவன் ட்ராகனே 5/5 தான். அந்தக் காலத்துச் சிவப்பு டெக்குகளில் இருந்த லைட்னிங் போல்ட் 3 அடி; இவனைச் சாய்க்க ஒரே டர்னில் மூன்று போல்ட் வேண்டும். டெரர் என்ற கொலை மந்திரம் கறுப்பு க்ரீச்சர்களைத் தொடாது. இவனை ஒரே மானாவில் அனுப்பி வைக்கக்கூடியது வெள்ளை நிறத்தின் ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ். அதிலும் போகிற க்ரீச்சரின் பலம் எவ்வளவோ அவ்வளவு லைஃப் அதைத் தன் பக்கம் வைத்திருப்பவருக்கு ஏறும் என்று விதி. போகும்போதுகூட நம் கையில் 7 லைஃபை வைத்துவிட்டுத்தான் போவான். அங்கேயும் ஏழு!

பச்சை நிறத்தில் இவனுக்கு ஒரு பங்காளி உண்டு: ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர், 8/8. அதுவும் அப்கீப்பில் கப்பம் கேட்கும், நாலு பச்சை மானா. கொடுக்காவிட்டால் 8 அடி. நல்ல கார்டுதான், ஆனால் மானா கொடுப்பதில் வலி இல்லை. நிலம் அடுத்த டர்னில் திரும்பவும் மானா தரும். இவன் கேட்பது உயிர்.

அதனால்தான் இவனுக்குத் தீனி ஏற்பாடு செய்வதே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. 1994-இல் வந்த ஃபாலன் எம்பயர்ஸ் தொகுப்பில் ப்ரீடிங் பிட் என்று ஒரு கார்டு. உங்கள் ஒவ்வொரு டர்னின் முடிவிலும் த்ரல் என்ற 0/1 ஜீவன் ஒன்றைப் பெற்றுப் போடும். அதற்கு அப்கீப்பில் இரண்டு கறுப்பு மானா கட்ட வேண்டும். டர்ன் முடிவில் ஒரு த்ரல் பிறக்கும், அடுத்த அப்கீப்பில் அரக்கன் வாயில் போகும். கணக்கு இம்மி பிசகாது. மேசையில் இது ஓடத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறப்பதும் பலியாவதும் தவிர அந்த ஜீவனுக்கு வேறு வேலையே கிடையாது. கறுப்பு நிறத்தின் குணம் என்ன என்று புதிதாக ஆட வருகிறவர்கள் கேட்டால், நான் இந்த இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

ஆனால் என் மனசுக்கு நெருக்கமான ஜோடி வேறு. 1995-இல் ஹோம்லாண்ட்ஸ் தொகுப்பில் வந்த செங்கிர் ஆட்டோக்ராட். நாலு மானா, 2/2. வரும்போதே செர்ஃப் என்ற மூன்று 0/1 பண்ணையடிமைகளைக் கூட்டிக்கொண்டு வருவான். மூன்று! அரக்கனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, எதிராளிக்கு மூன்று அடி. நாலாவது டர்னில் ஆட்டோக்ராட். ஐந்தாவது டர்னில், கறுப்பு மானா தரும் ஸ்வாம்ப் நிலம் ஒன்றில் டார்க் ரிச்சுவல் மந்திரம். அது தரும் மூன்று கறுப்பு மானா, மிச்ச நாலு ஸ்வாம்பிலிருந்து நாலு. சரியாக ஏழு. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று டர்னில் மூன்று அடிமைகள் போவார்கள், எட்டாவது டர்னில் ஆட்டம் முடியும். ஒரு ஓட்டை மட்டும் உண்டு. ஆட்டோக்ராட் செத்தால் செர்ஃப்கள் எல்லோரும் அந்த நொடியே மறைந்துவிடுவார்கள்.

அந்த ஓட்டை திறந்துகொண்ட ஒரு ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எதிரில் தம்பி முறையில் பழகும் ஒரு நண்பர், சிவப்பு டெக். என் அரக்கன் ஒரு செர்ஃபைத் தின்றுவிட்டு முதல் அடி அடித்துவிட்டான். அவர் 20-இலிருந்து 13. அவர் டர்னில் ஒரு லைட்னிங் போல்ட்டை எடுத்து ஆட்டோக்ராட்டின் தலையில் போட்டார். மிச்சமிருந்த இரண்டு செர்ஃப்களும் காணாமல் போனார்கள். "அண்ணே, உங்க சாமிக்குப் படையல் காலி" என்றார்.

என் அப்கீப். கொடுக்க யாருமில்லை. 15 லைஃபில் இருந்த நான் 8-க்கு வந்தேன். பிறகு கார்டு எடுத்தேன்: ப்ளாக் நைட். அரக்கன் அடித்தான், அவர் 6. அடி முடிந்த கையோடு நைட்டை இறக்கினேன். அவர் டர்னில் 3/3 ஹில் ஜயண்ட்டோடு தாக்கினார். அடித்துக் களைத்த அரக்கன் டேப் ஆகி, அதாவது பக்கவாட்டில் திரும்பி, படுத்திருக்கிறான்; தடுக்க நைட் மட்டும்தான். அவனை இழந்தால் அடுத்த அப்கீப்பில் 7 அடி வாங்கி 1 லைஃபில் நிற்பேன். தடுக்காமல் அடியை வாங்கிக்கொண்டேன். 5 லைஃப். அவர் கையில் இன்னொரு போல்ட் இருந்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இல்லை.

"நைட்டையா தின்னக் குடுக்கறீங்க?"

"வேற யாருடா இருக்கா?"

நைட் போனான். அரக்கன் எழுந்தான். அவரிடம் பறக்கும் க்ரீச்சர் ஒன்றும் இல்லை. 6-க்கு 7. இந்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆட்டம் எனக்கு வேறு எந்தக் கார்டிலும் கிடைத்ததில்லை. இரண்டு பக்கமும் ஒரே ஆளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம்!

நீல டெக்காரர்களோடு ஆடுவது இன்னும் சுவை. அவர்களிடம் கண்ட்ரோல் மேஜிக் இருக்கும்; எதிராளியின் க்ரீச்சரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் கார்டு. செர்ரா ஏஞ்சலை இழுத்தால் லாபம். லார்ட் ஆஃப் த பிட்டை இழுத்தால், பசியும் சேர்ந்தே போகும். நீல டெக்கில் க்ரீச்சர்கள் குறைச்சல். அடுத்த அப்கீப்பில் அவரைப் பார்த்து அவன் வாய் திறப்பான். சொந்தக்காரர் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

படத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. வரைந்தவர் மார்க் டெடின். ஸோல் ரிங், டைம்ட்விஸ்டர், கேயாஸ் ஆர்ப், பின்னாளில் நெக்ரோபொட்டன்ஸ் என்று இந்த விளையாட்டின் புகழ்பெற்ற படங்கள் பலவும் அவர் கையிலிருந்து வந்தவைதான். கொம்பும் சிறகுமாக அவர் நிறுத்திய இந்த உருவம், அந்தச் சின்னச் சட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்று முறைக்கிறது. பிந்தைய பதிப்புகளில் வேறு ஓவியர்கள் இன்னும் நுணுக்கமாக, இன்னும் பளபளப்பாக வரைந்திருக்கிறார்கள். என் டெக்கில் டெடின் வரைந்தது தவிர வேறு எதற்கும் இடமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில் இந்த விளையாட்டின் அரக்கர் சங்கதிகளுக்கு எதிர்ப்பு எழக்கூடும் என்ற கவலையில் நிறுவனம் பின்வாங்கியது. 1995-இல் வந்த நான்காம் பதிப்பில் அன்ஹோலி ஸ்ட்ரெங்த் கார்டின் படத்திலிருந்த ஐமுனை நட்சத்திரத்தை அழித்தார்கள். டெமானிக் ட்யூட்டரும் டெமானிக் ஹோர்ட்ஸும் அந்தப் பதிப்பில் இடம்பெறவில்லை. அதே பதிப்பில் லார்ட் ஆஃப் த பிட் அப்படியே இருந்தான்! அதன் பிறகு பல வருடம் டீமன் என்ற வகையில் புதிய அரக்கன் எதுவும் வரவில்லை. 2002-இல் ஆன்ஸ்லாட் தொகுப்பில் க்ரின்னிங் டீமன் வந்து அந்த மௌனத்தை உடைத்தது. 2007-இல் பத்தாம் பதிப்பில் நம் ஆள் மறுபடி தலைகாட்டினான். 2009-இல் தேவதைகளையும் அரக்கர்களையும் மோதவிட்டு டிவைன் வெர்சஸ் டெமானிக் என்று ஒரு ஜோடி டெக் போட்டார்களே, அதில் அக்ரோமா என்ற தேவதைக்கு எதிரில் அரக்கர் படையின் முகமாக நிறுத்தியது இவனைத்தான். ப்ரீடிங் பிட்டையும் கூடவே வைத்திருந்தார்கள். யார் தொகுத்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

வாரிசுகளும் வந்தார்கள். 2009-இன் ஸாத்ரிட் டீமன் அப்பட்டமாக இவன் பிள்ளை: அதே 7/7, அதே காவு, மானா மட்டும் ஒன்று குறைவு. 2010-இன் அபிஸல் பெர்ஸிக்யூட்டர் நாலே மானாவுக்கு 6/6. ஆனால் அது இருக்கும்வரை நீங்கள் ஜெயிக்க முடியாது. 2012-இன் க்ரிஸல்பிராண்ட் 7/7, 7 லைஃப் கொடுத்தால் 7 கார்டு. போட்டிகளில் இவனைவிட எத்தனையோ மடங்கு பலசாலி க்ரிஸல்பிராண்ட். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் க்ரிஸல்பிராண்டை இறக்கியவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். கேட்டால்தான் விலை, கேட்காவிட்டால் அவன் உங்களைத் தொந்தரவு செய்வதில்லை. அரக்கனை அழைத்தவர் நிம்மதியாக இருக்கலாமா? லார்ட் ஆஃப் த பிட்டை இறக்கியவருக்கு ஒரு டர்ன்கூட நிம்மதி கிடையாது. அரக்கன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மறுபடி அச்சிட மாட்டோம் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்த பழைய கார்டுகளின் பட்டியலில் இவன் இல்லை. ஆல்ஃபா பிரதிக்குச் சொத்தை விற்க வேண்டியிருக்கும். வெள்ளை ஓரம் வைத்த நான்காம் பதிப்புப் பிரதி சாதாரண ஆட்டக்காரர் கைக்கும் எட்டும், படமும் டெடின் வரைந்த அதே படம். ஒன்று வாங்குங்கள். கூடவே ஆட்டோக்ராட்டும் டார்க் ரிச்சுவலும் நிறைய ஸ்வாம்பும் வைத்துக் கட்டுங்கள். முதலில் தீனியை இறக்குங்கள், பிறகு அவனைக் கூப்பிடுங்கள்.