ஐயத்திற்குரிய இரவும் திருவிழா இரவும்: திரை டிஸ்கோவும் கல்லாவி வட்டாரச் சிற்றூர்களும்

ஆய்வுச்சுருக்கம்

1980களின் தமிழ்த் திரைப்பாடல்களில் டிஸ்கோ பெற்ற இடத்தையும், அது கல்லாவி போன்ற எல்லைப்புறச் சிற்றூர்களின் திருவிழா இரவுகளுக்குள் புகுந்த முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. திரைப்படம் டிஸ்கோவை ஐயத்திற்குரிய இரவில் வைத்தது. அந்த ஐயத்திலிருந்து அதனை விடுவித்தவர்கள் சிற்றூர்களின் கேட்போரே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முன்னுரை

தமிழ்த் திரையிசை குறித்த ஆய்வுகளில் டிஸ்கோ பெரும்பாலும் 'மேலைத் தாக்கம்' என்னும் தலைப்பின்கீழ் ஓரிரு தொடர்களில் முடிந்துவிடுகிறது. இளையராஜாவின் நாட்டுப்புறச் சாயலை ஆராய்வோருக்கும், அவரது கர்நாடக இராகப் பயன்பாட்டை ஆராய்வோருக்கும் டிஸ்கோ ஓர் இடையூறாகவே தோன்றியிருக்கிறது எனலாம். பளபளக்கும் சட்டையும் சுழலும் கண்ணாடி உருண்டையும் ஆய்வுக்குரிய பொருளல்ல என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஆயினும், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பகுதியிலுள்ள கல்லாவி முதலிய ஊர்களில் வளர்ந்தோர்க்கு அந்த இசை முதலில் கேட்டது திரையரங்கிலும் அன்று, இரவு விடுதியிலும் அன்று. கோயில் திடலின் ஒலிபெருக்கியில்தான். இவ்வேறுபாட்டைக் கருதாமல் தமிழ் டிஸ்கோவை மதிப்பிடுவது குறைபாடுடையது.

பெங்களூர் வழி

டிஸ்கோ அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களும், இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகளும், ஒருபால் ஈர்ப்பினரும் தமக்கென அமைத்துக்கொண்ட ஆடுகளங்களில் பிறந்தது. 1977இல் வெளிவந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' அதனை உலகறியச் செய்தது. அப்படத்தின் நாயகன் வண்ணப்பூச்சு விற்கும் கடையில் வேலை செய்பவன். வாரம் முழுவதும் உழைத்துச் சனிக்கிழமை இரவில் மட்டும் வாழ்பவன். கடிகாரமும் வாரக் கூலியும் உடைய சமூகத்தின் இசை இது என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே அதற்கு எதிர்ப்பு உச்சமடைந்த வேளையில்தான் இங்கே அதன் அலை எழுந்தது.

அந்த அலையின் ஊற்று நம் எல்லைக்கு மிக அருகில் இருந்தது. 'குர்பானி' (1980) படத்தில் நாஜியா ஹசன் பாடிய பாடலுக்கு இசையமைத்த பித்து, பெங்களூரில் பிறந்து அங்கேயே இசைக்குழு நடத்தியவர். பின்னர் இங்கிலாந்து சென்று 'குங்ஃபூ ஃபைட்டிங்' (1974) பாடலை உருவாக்கி உலகப் புகழ் பெற்றவர். படத்தை இயக்கிய ஃபெரோஸ் கானும் பெங்களூரில் பிறந்தவரே. இந்திய டிஸ்கோவைப் பம்பாயின் பிள்ளையாகவே கருதும் வழக்கத்தில் இச்செய்தி மறைந்துபோகிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவே.

தமிழகத்தின் நிலை வேறு. சென்னை அண்ணா சாலையில் சஃபையர் திரையரங்க வளாகத்திலிருந்த 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் 1969இல் உஷா உதுப் புடவை உடுத்துப் பாடத் தொடங்கினார். அத்தகைய விடுதிகள் பெருகுவதற்கான சூழல் இங்கு நீடிக்கவில்லை. 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1981இல்தான் தளர்த்தப்பட்டது. உலகில் டிஸ்கோ உச்சத்திலிருந்த ஆண்டுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே தமிழ்த் திரை காட்டிய இரவு விடுதி, பார்வையாளருள் மிகப் பெரும்பாலோர் ஒருபோதும் கண்டிராத, கற்பனையில் கட்டப்பட்ட இடம் எனல் வேண்டும்.

வேடமாக அணிந்த பளபளப்பு

அந்தக் கற்பனை இடம் ஏற்கெனவே குற்றத்தின் இடமாக இருந்தது. ஜோதிலட்சுமி, ஜெயமாலினி ஆகியோர் ஆடிய விடுதிக் காட்சிகளில் பெரும்பாலும் கள்ளக்கடத்தல்காரனும் மதுக்கோப்பையும் உடனிருக்கும். டிஸ்கோ வந்தபோது இந்தக் குற்ற அறைக்குள் நாயகனே ஆடிக்கொண்டு நுழைய வேண்டியதாயிற்று. அவனது ஒழுக்கத்தைக் காத்துக்கொண்டே அவனை எவ்வாறு உள்ளே அனுப்புவது என்பது கதையாசிரியர்களின் சிக்கல்.

எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த 'சகலகலா வல்லவன்' (1982) இதற்குக் கண்ட விடை கூர்ந்து நோக்கத்தக்கது. கமல்ஹாசன் ஏற்ற வேலு ஒரு கிராமத்து இளைஞன். தன் தங்கைக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடுசெய்யவே அவன் நகர நாகரிகத்தை வேடமாகப் பூணுகிறான். 'இளமை இதோ இதோ' என்ற புத்தாண்டுப் பாடலின் மினுக்கு இதனால் நியாயம் பெறுகிறது. 'டிஸ்கோ டான்சர்' (1982) என்னும் இந்திப் படத்திலும், அதன் தமிழாக்கமாக ஆனந்த்பாபு நடித்த 'பாடும் வானம்பாடி' (1985) படத்திலும் செல்வரால் அவமதிக்கப்பட்ட ஏழை ஒருவனே மேடையேறி ஒளிர்கிறான். நியூயார்க் ஆடுகளத்தில் தன்னை மறப்பதற்காக அணிந்த பளபளப்பு, இங்கே வர்க்கப் பழிதீர்ப்பின் கவசமாயிற்று. இதனை வெறும் போலச்செய்தல் எனத் தள்ளிவிட இயலாது.

ஆனால் இம்மாற்றத்திற்கு ஒரு விலையும் உண்டு. ஆடுகளத்தில் எல்லோரும் ஆடுவர்; பார்ப்போர், ஆடுவோர் என்ற பிரிவு அங்கு மங்கிவிடும். திரையில் களம் மேடையாகிறது. ஒருவன் ஆட, மற்றவர் சூழ்ந்து நின்று கைதட்டுகின்றனர் அல்லது அவனுக்குப் பின்னால் வரிசையில் ஆடுகின்றனர். நான்கு அடியும் சமமாக விழும் டிஸ்கோத் தாளம் யாரும் எளிதில் சேர்ந்துகொள்வதற்கென்றே அமைந்தது. அத்தாளத்தை வைத்துக்கொண்டே அதன் அழைப்பை நம் திரை மறுத்தது. பெண்ணுக்கோ வேடம் என்ற விலக்கும் கிடைக்கவில்லை. அதே படத்தின் 'நேத்து ராத்திரி யம்மா' பாடலில் சிலுக்கு ஸ்மிதாவின் மினுக்கு அவரது இயல்பாகவே காட்டப்படுகிறது. நாயகனுடைய மினுக்கைப் போலக் கழற்றி வைக்கக்கூடிய வேடமாக அது காட்டப்படவில்லை. 'சிலுக்கு', 'டிஸ்கோ' ஆகிய சொற்கள் நடிகையரின் பெயருக்கு முன்னொட்டாக நிலைத்ததும் (டிஸ்கோ சாந்தி) இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது. நடிகர் எவருக்கும் அப்படி ஒட்டியதாகத் தெரியவில்லை.

திடலில் நிகழ்ந்தது

1980 வாக்கில் ஓசூர் மாறிக்கொண்டிருந்தது. சிப்காட் வளாகம் எழுந்திருந்தது, அசோக் லேலண்டு வந்தது, டி.வி.எஸ். 50 அங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அன்றைய தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள் அங்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்று, பெல்பாட்டமும் டேப் ரெக்கார்டருமாகத் திருவிழாவுக்கு ஊர் திரும்பினர். வாரக் கூலியும் வார விடுமுறையும் அவர்களுக்கு இருந்தன. சனிக்கிழமை ஆடுகளம் மட்டும் இல்லை. அவர்களது ஆட்டம் மாரியம்மன் பண்டிகைக்காகக் காத்திருந்தது.

இவ்வட்டாரச் சிற்றூர்களுக்கு இரவு வாழ்க்கை புதிதன்று. விடிய விடிய நிகழும் தெருக்கூத்து இங்கு வேரூன்றிய கலை. பெண்களும் குழந்தைகளும் பாய் விரித்து விழித்திருக்கும் அந்த இரவின்மீது யாருக்கும் ஐயமில்லை. ரெக்கார்டு டான்ஸ் குழுக்கள் வழியாகவும், சாமி ஊர்வலத்தின் பேண்டு வாத்தியம் வழியாகவும் டிஸ்கோப் பாடல் இந்த இரவுக்குள் வந்தபோது இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஒன்று தாளம் பற்றியது. பம்பைக்கும் தப்பட்டைக்கும் பழகிய கைகளில் நான்கின் சம அடி எளிதில் மூன்றன் நடையை நோக்கிச் சாய்ந்துவிடும். டிஸ்கோ குத்தாட்டத்தின் உறவாகிவிடும். மற்றொன்று, திரையில் மேடையாக மாறிய களம் ஊர்வலத்தின் முன் மீண்டும் களமாயிற்று. அங்கு நாயகன் இல்லை. தேங்காய் உடைக்க வந்தவரும் ஆடினர். எந்தத் தெரு வரை ஆடலாம், யார் தெருவில் ஆடலாம் என்ற சாதி எல்லைகள் அங்கும் இருந்தன என்பதை மறைத்து இதனைக் கொண்டாடுவது நேர்மையாகாது. எனினும் டிஸ்கோவின் தொடக்கப் பண்பான கூட்டாட்டத்திற்கு ஏவி.எம். அரங்கத்தைவிட ஊர்த் தெரு நெருக்கமாக இருந்தது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

ரெக்கார்டு டான்ஸ் மேடையின் பெண் கலைஞர்களுக்கு இந்த விடுதலை எட்டவில்லை. சிலுக்கு ஸ்மிதாவின் உடையை அணிந்து ஆடியவர்கள் அவர்மீதான ஐயத்தையும் சேர்த்தே அணிய வேண்டியிருந்தது. 'இளமை இதோ இதோ' இன்று ஒவ்வொரு புத்தாண்டிலும் தொலைக்காட்சிகளில் குடும்பத்தோடு கேட்கப்படுகிறது. திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளோ காவல்துறை அனுமதிக்கும், அது மறுக்கப்படும்போது உயர் நீதிமன்றத்திற்கும் செல்ல நேர்கிறது. ஆபாசம் கூடாது, சாதியைக் குறிக்கும் பாடல் கூடாது என்ற நிபந்தனைகளோடு அவை நடைபெறுகின்றன. இவ்விரண்டும் ஒரே இசை மரபின் இரு கிளைகள் என்பது திரையிசை ஆய்விலும் நாட்டார் வழக்காற்றியல் ஆய்விலும் ஒருங்கே விடுபட்டுள்ளது. 1980களில் இருபது வயதில் அம்மேடைகளில் ஆடிய பெண்கள் இப்போது அறுபதை நெருங்குபவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்களது வாய்மொழியைப் பதிவு செய்யும் பணியைக் கல்லாவி, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி ஊர்களிலிருந்தே தொடங்கலாம்.