இசை விமரிசகரை நேரிற் காணல்

எழுத்தினால் மாத்திரம் அறிந்த ஒருவரை முதன்முறை நேரிற் காணும்போது நம்முள் எழும் வியப்பு யாவரும் அறிந்ததே. எனினும், கவிஞரைக் காண்பதற்கும் இசை விமரிசகரைக் காண்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. கவிஞர் தம் நெஞ்சைத் திறந்து காட்டியே புகழ் பெறுகிறார். விமரிசகரோ பிறருடைய பாட்டைப் பற்றி எழுதுகிறார். தம்மைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அவர் சொல்லாது விட்டதை நாமே நிரப்பிக்கொள்ளுகிறோம். கடுமையாக எழுதுபவருக்குக் கடுகடுத்த முகமும் உரத்த குரலும் தந்துவிடுகிறோம். நமக்குப் பிடித்த பாடகரை அவர் குறை கூறிவிட்டாலோ, அந்த முகத்திலே பொறாமையையும் சிறிது பூசிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி இசைவிழாவின் பொருட்டுச் சென்னைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு பத்திரிகையில் நெடுங்காலம் எழுதிவந்த விமரிசகர் ஒருவரை, சபாவொன்றின் சிற்றுண்டிச்சாலையில் நண்பர் எனக்கு அறிமுகஞ் செய்துவைத்தார். என் அபிமானத்துக்குரிய பாடகர் ஒருவரின் கச்சேரியை அவர் முன்னொருகாற் கண்டித்து எழுதியிருந்தார். அக்கண்டனத்தை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. நான் கற்பனை செய்திருந்த உருவம் அங்கே இல்லை. மெலிந்த உடம்பும் மிகத் தாழ்ந்த குரலும் உடைய முதியவர் ஒருவர், கோப்பியை ஆற்றிக்கொண்டு நின்றார். என் மனக்குறையைச் சற்றுச் சூடாகவே கூறினேன். முழுவதையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, "அன்றைக்கு நீங்கள் கச்சேரிக்கு வந்திருந்தீர்களா?" என்று வினவினார். நான் வந்திருக்கவில்லை. அன்று நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். கேளாத கச்சேரி ஒன்றுக்காகக் கேட்டவரோடு வழக்காடக் கடல் கடந்து சென்றிருந்தேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

விமரிசகரும் கலைஞரும் நேரிற் பழகலாமா என்பது பழைய வினா. பழகினால் எழுதுகோல் மழுங்கிவிடும் என்பர் சிலர். பழகாதவனுக்குக் கலையின் உள்வேலை விளங்காது என்பர் வேறு சிலர். இவ்விரு கட்சியாரும் சந்திப்பினால் விமரிசகர் எவ்வாறு மாறுகிறார் என்பதையே நோக்குகின்றனர். அவரைச் சந்திக்கச் செல்பவர் எதனைக் காண்கிறார் என்பதை ஒருவரும் ஆராய்வதில்லை. என் சிற்றனுபவத்தை இதற்குச் சான்றாக நிறுத்துவது முறையன்று. ஐரோப்பிய இசை வரலாற்றிலே இதற்குப் பெருஞ் சான்று ஒன்று உண்டு. அது வியன்னா நகரத்து விமரிசகர் எடுவாட் ஹன்ஸ்லிக்குக்கும் இசைநாடக ஆசிரியர் ரிச்சட் வாக்னருக்கும் இடையே நிகழ்ந்தது.

ஹன்ஸ்லிக் 1825 ஆம் ஆண்டு பிராக் நகரிற் பிறந்தவர். சட்டம் பயின்று பட்டம் பெற்றவர். 1854 இல் அவர் வெளியிட்ட 'இசையழகு பற்றி' என்னும் சிறு நூல் ஐரோப்பிய அழகியலின் போக்கையே அசைத்தது. இசையின் பொருள் உணர்ச்சியன்று. ஒலிகள் ஒன்றோடொன்று இயைந்து இயங்கும் வடிவமே இசையின் அழகு என்பது அந்நூலின் சாரம். நமக்கு இக்கருத்துப் புதுமையானதன்று. சொல்லேயில்லாத இராக ஆலாபனையை மணிக்கணக்காகக் கேட்டு மகிழும் நாம், இராகத்தின் பொருள் யாதென ஒருபோதும் கேட்பதில்லை. நாதசுரக்காரர் ஒருவர் கோயில் வீதியிலே தோடியை விரித்துக்கொண்டு போகையில், 'இப்பொழுது இவர் சோகத்தைச் சொல்லுகிறாரா?' என்று எவரும் அயலாரை வினவக் கண்டதில்லை. வாக்னரோ இதற்கு நேர்மாறான கொள்கையுடையவர். இசை நாடகத்தின் கருவியேயன்றித் தனக்குத் தானே முடிவன்று என்பது அவர் கட்சி. ஆகவே இவ்விருவரிடையே எழுந்த பகைமை ஆள்களின் பகைமையாகத் தொடங்கியதன்று. கொள்கை வேறுபாட்டிற் பிறந்தது. தொடக்கத்திலே பகைமை என்பதே இருக்கவில்லை.

இருவரும் முதன்முதற் சந்தித்தது 1845 ஆம் ஆண்டுக் கோடையில், மாரியன்பாட் என்னும் நீராட்டுத் தலத்திலே. ஹன்ஸ்லிக் அப்பொழுது இருபது வயதும் நிரம்பாத மாணவர். மறு ஆண்டு வாக்னரின் 'தன்ஹொய்சர்' இசைநாடகத்தைப் பற்றி வியன்னா இசைத்தாள் ஒன்றிலே பல பகுதிகளாக நீண்ட கட்டுரை எழுதினார். அது பாராட்டுக் கட்டுரை. 1847 ஆம் ஆண்டுப் பிறப்பு நாளன்று வாக்னர் அதற்கு விரிவான கடிதமும் எழுதினார். அக்காலத்தில் ஒருவரிடத்து மற்றவருக்கு மதிப்பிருந்தது என்பதற்கு இவையிரண்டும் போதும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். அதே 1845 ஆம் ஆண்டுக் கோடையில், அதே மாரியன்பாட்டிலேதான் வாக்னர் 'நூரன்பேர்க் நகரப் பாட்டாசான்கள்' என்னும் நாடகத்தின் முதற் குறிப்பை எழுதினார். பாட்டுப் பரீட்சையிலே பாடுவோரின் பிழைகளைக் கணக்கிடும் 'குறிப்பாளன்' என்னும் பாத்திரம் அக்குறிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. அவனுக்கு அப்பொழுது பெயர் இல்லை. விதிகளையே அறிந்து பாட்டை அறியாத விமரிசகனின் உருவத்தை, ஹன்ஸ்லிக்கினால் ஒரு கண்டனமும் பெறுவதற்கு முன்னரே, வாக்னர் தம் மனத்தில் வரைந்துவிட்டார்.

பின்னர் ஹன்ஸ்லிக்கின் கருத்து மாறியது. 1858 இல் 'லொஹன்கிரின்' வியன்னாவில் அரங்கேறியபோது அவர் எழுதிய விமரிசனத்திற் பழைய பாராட்டு இல்லை. 1861 இல், அந்த நூரன்பேர்க் நாடகத்தை வாக்னர் மீண்டும் கையிலெடுத்தார். பெயரில்லாதிருந்த குறிப்பாளனுக்கு இப்பொழுது பெயர் கிடைத்தது. அவ்வாண்டின் உரைநடைக் குறிப்பிலே அவன் பெயர் ஃபைட் ஹன்ஸ்லிஷ். நாடகம் செய்யுளாக முற்றுப்பெற்றபோது அப்பெயர் நீக்கப்பட்டு, பெக்மெசர் என்னும் பெயர் இடப்பட்டது.

1862 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வியன்னாவில் மருத்துவர் ஸ்டாண்ட்ஹாட்னரின் இல்லத்திலே நண்பர் குழுவொன்றின் முன் வாக்னர் இந்நாடகத்தை வாசித்தார். கேட்டிருந்தோருள் ஹன்ஸ்லிக்கும் ஒருவர். வாசிப்பு வளர வளர ஹன்ஸ்லிக்கின் முகம் வெளிறியதென்றும், முடிந்தவுடன் அங்கு தங்க விரும்பாது அவர் வெளியேறினார் என்றும் வாக்னர் தம் சுயசரிதையிற் கூறுகிறார். இக்காட்சியை இசை வரலாற்றாசிரியர் பலர் சுவையோடு திருப்பித் திருப்பிச் சொல்லியுள்ளனர். ஆனால் இதற்குச் சாட்சி யார்? நாடகத்தை எழுதியவரே சாட்சி. வாசித்துக்கொண்டிருந்தவர், கேட்போரின் முகம் எப்பொழுது வெளிறியது என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். அன்றியும் அச்சுயசரிதை பொதுமக்கள் வாங்கத்தக்கதாக வெளிவந்தது 1911 இலேதான். ஹன்ஸ்லிக் 1904 இலேயே காலமாகிவிட்டார். ஆதலின் அவர் அதற்கு விடையிறுக்க வழியில்லாது போயிற்று. வழக்கில் ஒரு பக்கத்தாரை மாத்திரம் விசாரித்துத் தீர்ப்பெழுதுவது நீதிமன்றத்திலே செல்லாது. கலை வரலாற்றிலே மாத்திரம் செல்லுகிறது.

அந்நாடகத்தின் முதலங்கத்தில் ஓர் அரிய காட்சி உண்டு. இளவீரன் வால்ட்டர் பரீட்சைப் பாட்டுப் பாடும்போது பெக்மெசர் திரையிட்ட கூண்டொன்றினுள் அமர்கிறான். பாடுவோனுக்கு அவன் முகம் தெரியாது. பிழைதோறும் பலகையிலே வெண்கட்டியாற் கீறும் ஓசை மட்டுமே கேட்கும். எழுத்துவழி விமரிசனத்திற்கு இதனினும் பொருத்தமான உருவகத்தை நான் கண்டதில்லை. முகம் மறைந்திருத்தல் விமரிசனத் தொழிலின் பழைய வழக்கம். பேர்னாட் ஷோ 1889, 1890 ஆம் ஆண்டுகளில் லண்டனில் இசை விமரிசனம் எழுதியபோது 'கோர்னோ டி பசெற்றோ' என்னும் இசைக்கருவியின் பெயருக்குப் பின்னே நின்றார். சூமன் தம்மையே புளோரெஸ்தன் என்றும் எயுசெபியஸ் என்றும் இருவராக்கிக்கொண்டார். வாக்னரும் இதற்கு விலக்கல்லர். இசையில் யூதரைப் பற்றி 1850 இல் அவர் எழுதிய வெறுக்கத்தக்க கட்டுரை புனைபெயரிலே வந்தது. 1869 இல் அதனைத் தம் பெயரோடு மறுபடி வெளியிட்டபோது, ஹன்ஸ்லிக்கின் தாய்வழிக் குலத்தைச் சுட்டி அவரையும் அதனுட் சேர்த்தார். ஓர் எழுத்தாளனின் கருத்தை மறுப்பதற்கு அவன் தாயின் குலத்தை ஆராயவேண்டி வந்தமை எத்துணைச் சிறுமை! திரைக்குப் பின்னிருந்தவர் யாரென்று வாக்னர் அறிந்துகொண்டார்; ஒரே அறையில் அவரோடு அமர்ந்தார்; அவருக்குத் தம் நாடகத்தையே வாசித்துக் காட்டினார். இருந்தும் அவர் கண்டது மாரியன்பாட்டிலே தாமே வரைந்த குறிப்பாளனைத்தான்.

ஹன்ஸ்லிக் குற்றமற்றவர் என்பது என் வாதமன்று. 1881 இல் சாய்கோவ்ஸ்கியின் வயலின் கொன்சேர்ட்டோ வியன்னாவில் அரங்கேறியபோது அவர் எழுதியது விமரிசனத்தின் எல்லையைக் கடந்த வசை. புரூக்னரைப் பல ஆண்டுகளாக அவர் நடத்திய விதமும் பெருந்தன்மையானதன்று. இருவரும் வியன்னாப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றியவர்கள்; ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். அந்த அறிமுகம் புரூக்னருக்கு எள்ளளவும் உதவவில்லை. பேரரசர் பிரான்ஸ் யோசப் தமக்கு என்ன வேண்டுமென வினவியபோது, ஹன்ஸ்லிக் தம்மைப் பற்றி எழுதாமல் தடுக்கவேண்டும் எனப் புரூக்னர் இரந்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதையாயினும் அதிலுள்ள துயரம் பொய்யன்று.

எனினும் வாக்னரைப் பொறுத்தமட்டில் ஹன்ஸ்லிக் ஒன்றைச் செய்தார். அவர் நேரிற் சென்று கேட்டார். 1868 இல் மூனிக்கில் அந்நாடகம் அரங்கேறியபோது அதனைப் பற்றி எழுதினார். 1876 இலும் 1882 இலும் பைரோய்த் நகரஞ் சென்று கேட்டு எழுதினார். தம்மை மேடையிலே எள்ளியதாக உலகம் கூறிய நாடகத்தைப் பற்றி எழுதும்போதும் அவருடைய வாதம் இசையின் வடிவத்தைப் பற்றியதாகவே இருந்தது. அவ்வாதம் சரியா என்பது வேறு. அது 1854 ஆம் ஆண்டு நூலிலே சொல்லப்பட்ட அதே வாதம். சந்திப்பு அதனைச் சாய்க்கவில்லை.

பகைவரிடத்து நேர்மை காப்பதினும் நண்பரிடத்து நேர்மை காப்பது அரிது. 1853 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பெயர் அறியப்படாத இருபது வயது இளைஞர் ஒருவர் டுசல்டோர்வ் நகரிலே சூமனின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவரே பிராம்ஸ். அவர் பியானோவில் வாசிக்கக் கேட்ட சூமன், ஏறத்தாழப் பத்தாண்டு மௌனத்தைக் கலைத்து, தாம் தொடங்கிய இசையிதழிலே 'புதிய பாதைகள்' என்னும் கட்டுரையை எழுதினார். அங்கே சந்திப்பே விமரிசனத்தைப் பிறப்பித்தது. அச்சில் ஒரு பாடலும் வெளிவராத ஒருவரைப் பற்றி வேறெவ்வாறு எழுதமுடியும்?

நம்மவருள் இச்சோதனைக்கு ஆளானவர் கல்கி. 'ஆனந்த விகடன்' இதழிலே 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதி, தமிழில் இசை விமரிசனத்தைப் பொதுமக்கள் விரும்பிப் படிக்கும் எழுத்தாக்கியவர் அவர். பாடுபவர் சொல்லும் சொல் கேட்பவருக்கு விளங்கவேண்டும் என்று தமிழிசைக்காக வாதாடியவர். இவ்வகையில் அவர் ஹன்ஸ்லிக்குக்கு எதிர்க்கட்சி. 1941 இல் அவரும் சதாசிவமும் 'கல்கி' இதழைத் தொடங்கியபோது, எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' திரைப்படத்திலே நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் அதற்குக் கைகொடுத்தது. 1945 இல் வெளிவந்த 'மீரா' படத்துக்குக் கல்கியே பாட்டும் எழுதினார். பாடகியைப் புகழும் விமரிசகரே அவருக்குப் பாட்டும் இயற்றினால், அப்புகழுக்கு என்ன பெறுமதி என்று கேட்போர் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. ஆனால் கல்கி இத்தொடர்பை மறைத்தவரல்லர். இதழைப் பார்க்கும் எந்த வாசகரும் அதனை அறிவர். அறிந்த வாசகர் தாமே கழித்துக்கொள்ளவேண்டியதைக் கழித்துக்கொள்ளலாம். எம். எஸ். அவர்களின் பாட்டு இன்றும் ஒலித்தட்டுகளில் உள்ளது; கல்கியின் எழுத்தை அதனோடு வைத்து ஒப்புநோக்க எவருக்கும் தடையில்லை.

ஹன்ஸ்லிக்கின் நட்புத்தான் எனக்கு இன்னும் முற்றாக விளங்காதது. வாக்னரிடமிருந்து அவருக்குக் கிடைத்தது பெக்மெசர். பிராம்ஸிடமிருந்து கிடைத்ததோ நான்கு கைகளால் பியானோவில் வாசிக்கத்தக்க வால்ட்ஸ் நடனக் கோவை. அது பிராம்ஸின் முப்பத்தொன்பதாம் படைப்பு, ஹன்ஸ்லிக்குக்கே காணிக்கையாக்கப்பட்டது. வாக்னரைப் பற்றி ஹன்ஸ்லிக் எழுதியதை நாம் ஐயத்தோடு படிக்கப் பழகியிருக்கிறோம். பிராம்ஸைப் பற்றி அவர் எழுதியதை அதே ஐயத்தோடு படித்தவர் மிகச் சிலரே. சென்னையில் அம்முதியவரிடம் நான் கேட்டிருக்கவேண்டியதும், அவர் யாரைக் கண்டித்தார் என்பதன்று; யாரைப் புகழ்ந்தார், அவர்களுள் எத்தனை பேர் வீட்டிலே கோப்பி அருந்தியிருக்கிறார் என்பதே. அது அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.