அதே நம்பர், அதே பிளாக்

பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆளேற்றிய பழைய அம்பாசிடர்களில் பல, பெட்ரோல் செலவு கட்டாமல் டீசலுக்கு மாறியவை. அப்படிக் கழற்றிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்து அதே வண்டியில் திரும்பப் பூட்டுவது வீண் வேலை இல்லை என்பேன். தேடலுக்குத் தடயம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, எஞ்சினை மாற்றினால் அதுவும் பதிவாக வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் கிரீஸுக்கு அடியிலிருந்து எண் ஒவ்வொன்றாகத் தெளியும். சுற்றிலும் அரம் ராவிய தடமோ கோணல் எழுத்தோ தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

எஞ்சின் தேய்கிற பொருள், மாற்றியதும் வண்டியின் வரலாறுதானே என்பார்கள். நியாயம்தான், அந்த டீசல் எஞ்சின்தான் எத்தனையோ டிரைவர் வீடுகளில் உலை வைத்தது. அதைக் கழற்றும்போது அதன் எண்ணையும் குறித்துவைக்க வேண்டும். ஆனால் வார்ப்பிரும்பு பிளாக் லேசில் சாவதில்லை. சிலிண்டர் தேய்ந்தால் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் சதை இல்லையென்றால் ஸ்லீவ் இறக்கலாம். 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றபின், பழைய இரும்புக்கு எடை போடும் பிளாக்குக்கு ஈடு வரப்போவதில்லை. சொந்த எஞ்சின் அகப்படாவிட்டால், அதே காலத்து இன்னொன்றைப் பூட்டி, அதன் எண்ணையே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம், பழைய எண்ணை அதன்மேல் பொறிக்கக் கூடாது.