மேற்பார்வையாளரை எதை வைத்துத் தெரிவு செய்வது?

வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்துகொண்டு தமிழில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய நினைப்பவருக்கு ஏ5 நெடுஞ்சாலையில் இரண்டு திசைகள் உண்டு. ஒரு பக்கம் நுவரெலியா, கம்பளை தாண்டிப் பேராதனை. மறுபக்கம் பதுளை, பிபிலை தாண்டிச் செங்கலடி. அதற்குப் பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். பதுளையிலேயே 2005இல் அமைந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பம் படிப்பவருக்கு வாய்ப்பு. மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன்கூத்தை ஆராயப் போகிறவருக்கு உதவாது. ஆகவே பலர் முதற்பட்டத்தில் படிப்பித்தவரிடமே போய் நிற்கிறார்கள். "நம்ம சேர்கிட்டயே செஞ்சிருவோம்" என்பதுதான் வழமையான முடிவு.

இந்த வழமையை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் தலைமுறைக்கு, ஆய்வு முன்மொழிவை எப்படி எழுதுவது என்று வீட்டில் கேட்க ஆளில்லை. பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே ஆய்வு செய்பவருக்கு விடுமுறையில்தான் வர முடியும் என்பது தெரிந்த ஆசிரியருக்குப் புரியும். பாதியில் விட்டுவிட இருந்த பலரை முடிக்க வைத்தது இந்தப் பழக்கம்தான்.

ஆனால் அதே பழக்கம் வாயைக் கட்டிப்போடும். காமன் கம்பம் ஊன்றும் முறைபற்றி மேற்பார்வையாளர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். தோட்டத்துக் கூத்து வாத்தியார் அதற்கு மாறாக ஒன்றைச் சொல்கிறார். மாணவர் யாரை விடுவார்? பெரும்பாலும் வாத்தியாரைத்தான். மலையகத்தின் அறிவில் பெரும்பகுதி முதியவர்களின் நினைவிலேயே இருப்பதால், இந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

தலைப்புக்கேற்ற நிபுணரே வேண்டும் என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ஈழத்துத் தமிழறிஞர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார்கள். அவர் கிரேக்கப் பேராசிரியர், தமிழறிஞர் அல்லர். ஆனால் 1920களிலேயே அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்குப் போய், மீனவர்களோடு பழகி, அவர்கள் மொழியில் கதை கேட்டவர். 1941இல் ஈஸ்கிலஸின் நாடகங்களை ஏதென்ஸின் சமூக வரலாற்றோடு இணைத்து நூல் எழுதியவர். வாய்மொழி மரபை ஆராய்ந்த கைலாசபதிக்கும், பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்த சிவத்தம்பிக்கும் தேவைப்பட்டது அந்தப் பார்வைதான். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது.

அதிலும் குறை உண்டு. சங்கப் பாடல்களை வாய்மொழிப் பாடல்களாகவே கொண்ட கைலாசபதியின் முடிவைப் பின்னர் ஜார்ஜ் ஹார்ட் போன்ற சங்க இலக்கிய ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. கிரேக்கச் சட்டகம் தமிழுக்கு எந்த இடத்தில் பொருந்தாது என்று தடுத்துக் கேட்கத் தமிழ் தெரிந்த இரண்டாமவர் ஒருவர் இருந்திருந்தால் அந்த வாதம் இன்னும் உறுதிப்பட்டிருக்கும் என்றே எனக்குப் படுகிறது. ஆய்வு முறை தெரிந்த ஒருவர், களம் தெரிந்த இன்னொருவர் என்ற இணை மேற்பார்வையை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒரு மேற்பார்வையாளரின் பெயரையும் பதவியையும்விட, அவர் திருப்பித் தந்த ஓர் இயலைப் பாருங்கள். அவரிடம் முன்பு படித்தவரிடம் கேட்டால் காட்டுவார். எழுத்துப் பிழைக்கு மட்டும் சிவப்பு மையா? அல்லது ஓரத்தில் "யார் சொன்னது? எந்தத் தோட்டம்? எந்த வருடம்?" என்று கேள்விகளா? கேள்வி கேட்டவர் வாசித்திருக்கிறார். நான்கு குழுக்களில் உறுப்பினராகவும் துறைத் தலைவராகவும் இருப்பவர் எவ்வளவு நல்லவரானாலும், வாசிக்க அவருக்கு நேரம் எங்கே?

இதையெல்லாம் விசாரிக்கும் பாரத்தை வெலிமடையிலிருந்து பஸ் ஏறி வருகிற மாணவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. ஒவ்வொரு மேற்பார்வையாளரிடமும் இப்போது எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், இதுவரை எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்பதைப் பீடங்கள் அனுமதி விண்ணப்பத்தோடேயே வெளியிட வேண்டும். இடையில் மேற்பார்வையாளரை மாற்றக் கேட்பவரின் விண்ணப்பம் அந்த மேற்பார்வையாளரின் மேசை வழியாகப் போகவும் கூடாது.