இப்னு ஹஜரின் ஒரு ஃபத்வாவும் இன்றைய போதை வாதமும்

போதைப் பொருள்களைத் தடுக்கும் சட்டங்களை எடுத்துவிட்டால் போதைக்கு அடிமையாவோர் தொகை குறையும் என்றொரு வாதம் சில ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் வாயிலும் அடிபடுகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் அஸருக்குப் பின் நம்மிடம் வந்து, “போர்ச்சுகலில் செய்தே பார்த்துவிட்டார்கள், ஹஜ்ரத்! நன்மைதான் விளைந்ததாம். நம் ஆலிம்கள் மட்டும் ஹராம், ஹராம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறீர்கள்” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை, மறுபாதி சொற்குழப்பம். அந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டவே எழுதுகிறோம். ஆலிம்களைப் பற்றி அவர் கூறிய குறையை முழுவதுமாக மறுக்க நமக்கு வாயில்லை. காரணம் பின்னால் வரும்.

‘சட்டபூர்வமாக்குதல்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு காரியங்களைக் குறிக்கின்றனர். கடை திறந்து விற்கலாம், அரசு அதற்கு வரி வாங்கலாம் என்பது ஒன்று. விற்பவன் குற்றவாளியே, ஆனால் உட்கொண்டவனைச் சிறையில் தள்ளுவதில்லை என்பது மற்றொன்று. போர்ச்சுகல் செய்தது இரண்டாவதை. 2001 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டத்தின்படி, ஒருவர் தம் உபயோகத்துக்காகப் பத்து நாளைக்கு மேற்படாத அளவு வைத்திருந்தால் அது குற்றவழக்கு ஆகாது. மூவர் கொண்ட ஒரு குழுவின் முன் அவர் போய் நிற்க வேண்டும். அவர் அடிமைப்பட்டவரா, சிகிச்சை வேண்டுமா என்று விசாரித்து ஆவன செய்வது அக்குழுவின் பணி. பொருளோ விலக்கப்பட்டதாகவே நீடிக்கிறது, விற்றவனுக்குச் சிறைதான்.

இந்தப் பாகுபாடு மதரஸாவில் ஓதியவர்களுக்குப் புதிதன்று. குர்ஆன் கலைகளைப் பற்றிய ‘அல்புர்ஹான்’ என்னும் பெருநூலால் நாம் அறிந்த இமாம் ஸர்கஷீ அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 794) கஞ்சாவைப் பற்றித் தனியாகவே ஒரு சிறு கிதாபு எழுதியிருக்கிறார்கள். அது ஹராமா என்பதை ஒரு பகுதியிலும், உண்டவனுக்கு ஹத்து என்னும் வரையறுத்த தண்டனை உண்டா என்பதை வேறொரு பகுதியிலும் ஆராய்கிறார்கள். ஏன் தனித்தனியாக? முதல் கேள்விக்கு விடை கிடைத்ததாலேயே இரண்டாவதற்கும் விடை கிடைத்ததாக ஆகாது என்பதால்தான். மாலிக்கீ மத்ஹபின் இமாம் கராஃபீ, அது அறிவைக் கெடுப்பதேயன்றி மதுவைப் போல் மயக்குவதன்று என்று வகுத்து, ஹராம் என்பதை ஒப்பி, ஹத்தை மறுத்தார்கள். நீதிபதி தம் மதிப்பீட்டில் கண்டிக்கும் தஃஸீரே போதும் என்றார்கள். இப்னு தைமிய்யா ஹத்து உண்டு என்றார்கள். ஒரு பொருள் தீயது என்பதில் ஒன்றுபட்டவர்கள், அதை உண்டவனை என்ன செய்வது என்பதில் வேறுபட்டு நின்றார்கள். இதை ஓதிவிட்டு வந்தவர்கள், சிறைத்தண்டனையைக் குறைக்கலாமா என்று எவரேனும் கேட்டவுடன் ‘ஹராமை ஹலாலாக்கப் பார்க்கிறான்’ என்று பாய்வது சரியன்று.

போர்ச்சுகலில் என்ன விளைந்தது? தொண்ணூறுகளின் இறுதியில் அந்நாட்டு மக்களில் நூற்றில் ஒருவர் ஹெராயினால் அல்லலுற்றனர் என்பது அக்கால மதிப்பீடு. ஊசிவழி போதை ஏற்றுவதால் எய்ட்ஸ் கிருமி தொற்றியோர் 2001-ல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தனர். பின்னர் அத்தொகை சில பத்துகளாகச் சுருங்கியது. ஆயினும் இதைச் சட்டத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. மருந்துக் கடைகளில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் ஏற்பாடு 1993-லேயே தொடங்கியது. ஹெராயினுக்கு மாற்றாக மெதடோன் என்னும் மருந்தை அளந்து கொடுக்கும் சிகிச்சை நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. சிறைக்கு அஞ்சி ஒளிந்திருந்தவர் வெளியே வந்தபோது, வாங்கிக்கொள்ள மருத்துவர் இருந்தார். சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதே விஷயம்.

எதிரில் யாருமின்றிக் கதவை மட்டும் திறந்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் சான்று. 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நூற்றுக்கு 58 பேர் ஆதரித்து ஒரு சட்டம் நிறைவேறியது. சிறிய அளவு வைத்திருந்தால் 100 டாலர் அபராதம். ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துப் பேசினால் அதுவும் இல்லை. அழைத்தவர் மிகச் சொற்பம். சிகிச்சைக்கென ஒதுக்கிய பணம் உரிய இடங்களைச் சேரவே காலம் பிடித்தது. அதே ஆண்டுகளில் ஃபென்டனில் என்னும் கொடிய பொருள் அங்கே வந்து பரவி, சாவுகள் பெருகின. ஃபென்டனில் பரவலைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் சாவுகளுக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டும் ஆய்வும் வெளிவந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆனால் தெருவில் மயங்கிக் கிடந்தவர்களைக் கண்ட மக்களின் பொறுமை தீர்ந்தது. 2024 செப்டம்பரில் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது.

இனி முதல் வகை: விற்பனையையே அனுமதிப்பது. இதற்கு நாம் கடல்கடந்து போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. அரசுக்கு ஆண்டுதோறும் வரும் வருவாய் 40,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. விற்பனை திறந்திருந்தால் கள்ளச் சரக்கு ஒழியும் என்ற வாதத்துக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விடை சொன்னது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடை இருந்தும், அதனினும் மலிவாகக் கிடைத்ததை ஏழை நாடினான். வருவாய் இன்னொரு வினையையும் செய்கிறது: விற்பவனுக்கு, வாங்குபவன் திருந்துவதில் நட்டம். எகிப்திய மம்லூக் சுல்தான்கள் காலத்தில் கஞ்சாவுக்கும் குத்தகை வரி இருந்தது. சுல்தான் பைபர்ஸ் ஹிஜ்ரி 665-ல் அதை ஒழித்தார். ஆலிம்கள் கண்டித்துக்கொண்டிருந்த ஒன்றுக்குக் கருவூலம் வரி வாங்கிக்கொண்டிருந்தது என்பதை அன்றைய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கின்றனர். ஆகவே இந்த வகையை நாம் ஏற்கவில்லை. தீயென்று தெரிந்ததற்கு அரசைப் பங்காளியாக்கும் ஏற்பாடு அது.

கடுந்தண்டனை ஒன்றே போதும் என்பாருக்கு ஈரானைச் சொல்ல வேண்டும். அங்கே 1955-ல் அபின் தடைசெய்யப்பட்டது. 1969-ல் முதியோருக்கும் நோயாளிக்கும் பதிவுசெய்து அளந்து கொடுக்கும் முறை வந்தது. 1979 புரட்சிக்குப் பின் அது நீக்கப்பட்டு, கடத்துவோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். போதை ஒழிந்ததா? சிறைகள் நிரம்பின. தொண்ணூறுகளில் கெர்மான்ஷா சிறையில் ஊசிவழி எய்ட்ஸ் கிருமி பரவியது. இறுதியில் 2005-ல் நீதித்துறைத் தலைவர் ஆயதுல்லாஹ் ஷாஹ்ரூதி, அடிமைப்பட்டோருக்கு ஊசியும் மெதடோனும் வழங்குவோரைத் தடுக்க வேண்டாம் என்று வழக்குத் தொடுப்போருக்கு எழுத்தாலேயே அறிவுறுத்தினார். சிறைக்குள்ளேயே மெதடோன் தரப்பட்டது. மார்க்க அறிஞர் ஒருவர் தலைமையில் இருந்த நீதித்துறை இப்படிச் செய்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஸர்கஷீயின் கிதாபுக்குத் திரும்புவோம். அதன் தெளிவை வியந்தோம். குறையையும் சொல்ல வேண்டும். தீங்குகள் விரிவாக வருகின்றன. கஞ்சாவின் தீங்குகள் 120 என்று கணக்கிட்டோரும் உண்டெனப் பிற்காலத்து இப்னு ஹஜர் ஹைதமீ எழுதுகிறார்கள். உண்டு பழகிப்போனவன் எவ்வழியில் மீள்வான் என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பட்டியல்களில் இடமில்லை. அந்தக் கேள்விக்கு விடையளித்தவர்களும் அதே இப்னு ஹஜரே. ‘துஹ்ஃபா’வின் ஆசிரியர், நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ ஆலிம்கள் தலைமேல் வைத்துப் போற்றும் பெயர்.

அபினுக்குப் பழகிப்போய், நிறுத்தினால் உயிர் போய்விடும் என்ற நிலைக்கு வந்த ஒருவரைப் பற்றி அவர்களிடம் கேட்கப்பட்டது. அவ்வாறு உறுதியாகத் தெரிந்தால் அவர் அதை உண்பது ஆகும். அதுமட்டுமன்று, பசியால் சாகப்போகிறவனுக்குச் செத்ததின் இறைச்சி போல, உயிரைக் காக்க அது கடமையுமாகும் என்றார்கள். அதனுடன் ஒரு நிபந்தனை: வயிறு அறியாதபடி சிறிது சிறிதாக அவர் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அந்த முயற்சியை விட்டுவிட்டால் பாவியாவார். ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் தம் ‘ரத்துல் முஹ்தா’ரில் இதை எடுத்தெழுதி, தம் மத்ஹபின் விதிகளும் இதற்கு முரணல்ல என்ற கருத்தையும் சேர்த்திருக்கிறார்கள். ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டின் இந்த விடையில் பொருள் ஹராமாகவே நிற்கிறது. உண்பவரோ நோயாளியாகவும் பொறுப்புள்ளவராகவும் ஒருங்கே நடத்தப்படுகிறார். இன்றைய மருத்துவர் இதற்கு மேலும் ஒரு படி போவார்; குறைப்பதில் அவசரம் வேண்டாம், மாற்று மருந்தை ஆண்டுக்கணக்கிலும் தரலாம் என்பார். ஆனாலும் இருவரும் ஒரே பாதையில்தான் நடக்கின்றனர்.

இந்த ஃபத்வாவை நாம் ஓதியிருந்தோம். ஓதியது வேளைக்கு உதவவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் மக்தபில் ஓதிய ஒரு பிள்ளை ஹெராயினில் விழுந்தான். அவன் உம்மா வந்து அழுதபோது, “அறையில் போட்டுப் பூட்டுங்கள், நாற்பது நாள் போனால் தானே மறந்துவிடுவான்” என்றோம். பூட்டினார்கள். நாற்பது நாள் முடிந்து வெளியே வந்தவன், பழைய அளவையே எடுத்துக்கொண்டு அன்றிரவே மௌத்தானான். நிறுத்திய நாள்களில் உடல் தன் தாங்கும் சக்தியை இழந்துவிடும்; முன்பு பழகிய அளவே பின்பு கொல்லும் என்று பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். ஜனாஸாவை நாம்தான் தொழவைத்தோம். மஹல்லாவில் சிலர் வரவில்லை. மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒரு ஸஹாபியைச் சபித்தவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் ரஸூலையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்ன ஹதீது புகாரியில் இருக்கிறது. அதை அன்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் நமக்கு நாவெழவில்லை.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறிய அளவுக்காக வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற இடமிருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். இதை அறிந்த தகப்பனார்களை நாம் அதிகம் கண்டதில்லை. பிள்ளை பிடிபட்டதும் வக்கீலுக்கும் தரகருக்கும் அலைகிறார்கள். செய்தி வெளியே தெரியக்கூடாது என்று பெண்பிள்ளையின் நிக்காஹை முந்திக்கொள்கிறார்கள்.

அந்தக் கல்லூரி மாணவருக்கு இப்னு ஆபிதீனில் அந்தப் பக்கத்தை எடுத்து, வரிவரியாகத் தமிழில் சொன்னோம். கேட்டு முடித்துவிட்டு, “இதை ஜும்ஆவில் சொல்லியிருக்கிறீர்களா, ஹஜ்ரத்?” என்றார். இல்லை என்றோம். வரும் வெள்ளிக்கிழமை பயானுக்கு முத்தவல்லியிடம் கேட்டிருக்கிறோம். அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவு இயங்கும் நாள்களையும் நேரத்தையும் விசாரித்து எழுதிக்கொண்டு வரும்படி மாணவரை அனுப்பியிருக்கிறோம்.